இரவும் சூடு, காற்றும் ஈரம்: இந்தத் தட்பவெப்பத்தில் நிலைக்கும் கொய்மலர்கள் எவை?

நாற்றங்கால் எழுதியது:

வணக்கம். பூங்கொத்துக்கான நீண்ட தண்டுப் பூக்களைச் சிறிய பரப்பில் வளர்க்கிறேன். எங்கள் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் இலைகளில் ஈரம் நிற்கிறது. ஜின்னியாவில் முதல் பூ விரியும்போதே அடியிலைகள் புள்ளி விழுந்து கருகத் தொடங்குகின்றன. லிசியாந்தஸ் நாற்றுகள் இலைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு தரையோடு உட்கார்ந்துவிட்டன. தண்டு எழவே இல்லை. டேலியாக் கிழங்கு மழையில் அழுகிவிட்டது. கோழிக்கொண்டை நன்றாக வருகிறது, ஆனால் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடுகிறது. அதைக் கொத்தில் வைக்க முடியாது.

படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்ப்பகுதிகளில் வளர்ப்பவர்கள் எழுதியவை. உறைபனி முடிந்து எத்தனை வாரம் கழித்து நடுவது என்ற கணக்கு இங்கே பயன்படாது. எந்தப் பூவைத் தொடர்வது, எதை விடுவது, எந்த அடிப்படையில் முடிவு செய்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேலியோரம் எழுதியது:

நண்பரே, முதலில் இரவு வெப்பத்தைக் குறித்து வையுங்கள். பகல் வெப்பத்தைப் பிறகு பார்க்கலாம்.

செடி பகலில் உருவாக்கிய சர்க்கரையின் ஒரு பகுதியை இரவு முழுவதும் சுவாசத்தில் செலவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகிறது. இரவு 15 டிகிரியாக இருந்தால் மிஞ்சும் சர்க்கரை தண்டைத் தடிக்க வைக்கிறது, இதழைப் பெரிதாக்குகிறது, நிறத்தை அடர்த்தியாக்குகிறது. 25 டிகிரி இரவில் அந்த மிச்சம் பெரிதும் குறைந்துபோகிறது. அதனால்தான் அதே விதையும் அதே உரமும் அதே வெயிலும் இருந்தும் தண்டு மெலிகிறது, பூ வெளிறுகிறது. நிழல்வலை பகல் வெயிலைத்தான் குறைக்கும். இரவுச் சூட்டுக்கு அதனால் பயனில்லை.

டேலியா மெக்சிகோ, நடு அமெரிக்க மலைப்பகுதிகளில் தோன்றிய செடி. பகல் வெயிலைத் தாங்கும், ஆனால் இரவில் குளிர்ச்சியைத் தேடும். ஜின்னியாவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது வறண்ட நிலத்துச் செடி. சூட்டைப் பொருட்படுத்தாது, ஈரம்தான் அதற்கு எதிரி. இரண்டையும் 'கோடைப் பூக்கள்' என்று ஒரே பட்டியலில் போடும் விதை அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எத்தனை பேர் அதை நம்பி நடுகிறார்கள்!

ஸ்னாப்டிராகன், ஸ்டாக், லார்க்ஸ்பர் போன்றவற்றை ஆண்டில் சில மாதங்களாவது இரவு குளிரும் இடத்தில் மட்டும் முயலுங்கள். ஸ்டாக் குளிர்ச்சி கிடைக்காவிட்டால் மொட்டே கட்டாது. ஸ்னாப்டிராகன் விதைகளை வெப்பத்தையும் ஒளியையும் வைத்து 1 முதல் 4 வரை குழு பிரித்து விற்கிறார்கள். சூட்டில் ஓரளவு நிற்பவை 3, 4 குழுக்கள். பொட்டலத்தில் குழு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

உங்கள் இடத்துக்கு முதுகெலும்பாக வாடாமல்லி, கோழிக்கொண்டை, சூரியகாந்தி, சம்பங்கி, துலுக்கச் சாமந்தி இவற்றை வையுங்கள். மற்றவை எல்லாம் அதன்மேல் சேர்ப்பவை.

செங்காந்தள் எழுதியது:

வேலியோரம் சொன்னதோடு பகல் நீளத்தையும் சேர்க்க வேண்டும். வெப்ப ஈரப் பகுதிகளில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கின்றன. அங்கே பகல் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தைச் சுற்றியேதான் இருக்கும். இதை மனத்தில் வைக்காமல் விதை வாங்குவதால் வரும் ஏமாற்றம் கொஞ்சமல்ல.

கோழிக்கொண்டையும் காஸ்மோஸும் துலுக்கச் சாமந்தியும் குறும்பகல் செடிகள். பகல் சுருங்கினால் பூக்க விரைபவை. உயரமாக வளர்ந்து பிறகு பூக்க வேண்டிய செடி, 12 மணி நேரப் பகலைக் கண்டதும் பருவம் வந்துவிட்டது என்று மொட்டுவிடுகிறது. நாற்றங்கால் அவர்களின் கோழிக்கொண்டை சாண் உயரத்தில் பூப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் நாற்றுத் தட்டிலேயே இருக்கலாம். குழித்தட்டில் வேர் சுற்றிக்கொண்டு நின்ற கோழிக்கொண்டை நாற்று நெருக்கடியை உணர்ந்து உடனே பூக்க முனைகிறது; பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் தண்டு நீளாது. வேர் குழியை நிரப்பியதும், சுற்றத் தொடங்குவதற்கு முன், நட்டுவிடுங்கள். நடுவதற்கு நிலம் ஆயத்தமாக இல்லை என்றால் விதைப்பதையே தள்ளிப்போடுங்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ருட்பெக்கியா போன்ற நெடும்பகல் செடிகள் 12 மணி நேரப் பகலில் பூக்காமல் இலைக்கொத்தாகவே நிற்கும். இரவில் விளக்கு எரித்தால் பூக்கும். நடு இரவில் சில மணி நேர வெளிச்சம் போதும், ஏனென்றால் செடி உண்மையில் அளப்பது தொடர்ச்சியான இருட்டின் நீளத்தை. இதே விளக்கு குறும்பகல் செடிகளில் பூப்பதைத் தள்ளிப்போட்டுத் தண்டை நீளவைக்கும். சாமந்தி வளர்ப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்வது இதுதான்.

சூரியகாந்தியில் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகங்கள் வந்துவிட்டன. புரோகட் வரிசை அப்படிப்பட்டது. மகரந்தம் உதிராது, ஒரு செடிக்கு ஒரே பூ, விதைத்து 50 முதல் 60 நாளில் வெட்டலாம். 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி விதைத்தால் கொத்துக்கு ஏற்ற அளவில் பூ வரும். வாரம் ஒரு பாத்தி விதைத்துக்கொண்டே போகலாம். ஈரப் பகுதியில் புதிதாகத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மண்வெட்டி எழுதியது:

ஜின்னியாவுக்கு வருகிறேன். அந்தப் புள்ளி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. இலைமேல் வெள்ளைப் பொடி படிந்ததுபோல் இருந்தால் அது சாம்பல் நோய். செம்பழுப்பு வட்டம், நடுவில் சாம்பல் வெளிறல், இதழிலும் புள்ளி என்றால் ஆல்டர்னேரியா பூஞ்சணம். நரம்புகளுக்கு நடுவே கோணல்மாணலான பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் சாந்தோமோனாஸ் பாக்டீரியா. உங்களுடையது எது?

நாற்றங்கால் எழுதியது:

ஐயா, மூன்றாவதுதான். மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளைப் பொடி இல்லை. மழை பெய்த மறுவாரம் வேகமாகப் பரவுகிறது.

மண்வெட்டி எழுதியது:

அப்படியானால் சாம்பல் நோய்க்கான மருந்தைத் தெளித்துப் பயனில்லை. பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சாம்பல் நோய்க்கு இலையில் தண்ணீர் நிற்க வேண்டிய தேவையே இல்லை. காற்றின் ஈரம் போதும். கன மழை அதை ஓரளவு கழுவிவிடவும் செய்யும். பாக்டீரியாவும் ஆல்டர்னேரியாவும் வேறு வகை. இலை நனைந்திருக்கும் நேரம்தான் அவற்றுக்கு உணவு. மழைத்துளி தெறித்து, நனைந்த செடிகளுக்கு நடுவே நாம் நடந்து, கத்தரிக்கோலில் ஒட்டி, இப்படித்தான் பரவுகின்றன.

செய்ய வேண்டியவை: இரண்டு நோய்களும் விதையோடு வருபவை, எனவே அந்தப் பாத்தியிலிருந்து விதை எடுக்காதீர்கள். மேலிருந்து தெளிக்கும் பாசனத்தை நிறுத்திச் சொட்டுநீருக்கு மாறுங்கள். மண் தெறிக்காமல் மூடாக்கு போடுங்கள். செடி நனைந்திருக்கும்போது பாத்திக்குள் போகாதீர்கள். வழக்கமாகச் சொல்லும் 23 செ.மீ. இடைவெளியை 30 செ.மீ. ஆக்குங்கள், முடிந்தால் இன்னும் கூட்டுங்கள். செடி முழங்கால் உயரம் வந்ததும் அடியிலைகளை ஒரு சாண் உயரத்துக்கு உருவிவிடுங்கள். காற்று தரையோடு ஓடட்டும்.

ரகங்களில் பெனரிஸ் ஜயண்ட் பெரிய பூ தரும். ஒக்லஹோமா வரிசை சிறிய பூ, ஆனால் சாம்பல் நோயைக் கூடுதலாகத் தாங்கும். புரொஃபியூஷன் போன்ற கலப்பினங்களின் நோய் எதிர்ப்பைப் பாராட்டுவார்கள்; உண்மைதான், ஆனால் அவை குட்டைச் செடிகள், கொத்துக்குத் தண்டு கிடைக்காது.

இதழடுக்கு எழுதியது:

இடைவெளி விஷயத்தில் மண்வெட்டி ஐயாவோடு நான் உடன்படவில்லை. நெருக்கி நட்டால்தான் தண்டு நிமிர்ந்து நீளும். 45 செ.மீ. விட்டு நட்டால் செடி பக்கவாட்டில் படர்ந்து குட்டைத் தண்டுகளாகத் தரும். ஒரு சதுர மீட்டரில் வெட்டும் தண்டுகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

மண்வெட்டி எழுதியது:

குளிர்ந்த, உலர்ந்த காற்றில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கே தண்டு நீளத்தைக் கிள்ளுவதாலும் வெட்டும் முறையாலும் வாங்கலாம். செடி 20 முதல் 30 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளினால் அடியிலிருந்து பல தண்டுகள் எழும். முதல் பூவை வெட்டும்போதே துணிந்து கீழே, கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டினால் அடுத்து வரும் தண்டு நீளமாக வரும். பூவுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் வெட்டுகிறவர்களுக்கு அடுத்த தண்டும் குட்டையாகத்தான் கிடைக்கும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஈரப் பகுதியில் ஜின்னியாவை நீண்டகாலச் செடியாக நினைக்கவே கூடாது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிய பாத்தி விதையுங்கள். சில வாரம் பூ வெட்டிய பாத்தி கருகத் தொடங்கியதும் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். நோயோடு போராடிக்கொண்டு பழைய பாத்தியை வைத்திருந்தால் அது பக்கத்துப் புதிய பாத்திக்கும் நோயைக் கொடுக்கும். முளைக்க ஒரு வாரம்கூட ஆகாத செடியிடம் இவ்வளவு பற்று வேண்டியதில்லை.

பனித்துளி எழுதியது:

பக்கச் சுவர் இல்லாத பாலித்தீன் கூரை போட்டால் இலை நனைவதையே தடுத்துவிடலாமே? எனக்கு ஜின்னியாவும் வின்காவும் கூரைக்குக் கீழே தூய்மையாக வருகின்றன.

வேலியோரம் எழுதியது:

கூரை நல்லதுதான், ஆனால் அது ஒரு சிக்கலுக்குப் பதில் இன்னொன்றைக் கொண்டுவரும். மழை படாத இலையில் செஞ்சிலந்தியும் இலைப்பேனும் பெருகும். சாம்பல் நோயும் கூடும். கூரை தாழ்வாக இருந்தால் சூடு அங்கேயே தேங்கும். உயரமாக, உச்சியில் காற்று வெளியேறும் திறப்போடு, நான்கு பக்கமும் திறந்து போடுங்கள். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள்.

கூரையைவிட முதலில் மேட்டுப்பாத்தி. 20 முதல் 30 செ.மீ. உயர்த்திய பாத்தி இல்லாமல் மழைக்காலத்தில் கொய்மலர் பேசுவதில் பொருளில்லை. மழை தழைச்சத்தை அடித்துக்கொண்டு போகும் என்பதால் உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் தண்டு இளக்கமாகி, சாடியில் தலை கவிழும்.

அடித்தண்டு அழுகலையும் கவனியுங்கள். மண் மட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகள் தெரிந்தால் அது ஸ்கிளீரோசியம் பூஞ்சணம். 27 டிகிரிக்கு மேல் ஈர மண்ணில் செழிப்பது. அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நோயுற்ற செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி எடுத்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். வெயில் கடுமையாக இருக்கும் பருவத்தில் பாத்தியை நனைத்து, நிறமற்ற பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால் மேல்மண்ணில் இருப்பவை பெரிதும் குறையும்.

இதழடுக்கு எழுதியது:

லிசியாந்தஸைக் கைவிடச் சொல்லாதீர்கள். ஈரச் சூட்டில் வெட்டிய பிறகும் இரண்டு வாரம் நிற்கக்கூடிய அழகான பூ வேறு எத்தனை இருக்கின்றன?

அது வட அமெரிக்கப் புல்வெளிச் செடி. வளர்ந்த பிறகு சூட்டை நன்றாகவே தாங்கும். சிக்கல் நாற்றுப் பருவத்தில் மட்டும். முளைத்ததிலிருந்து முதல் சில இலை இணைகள் வரும்வரை 28 டிகிரி அளவிலான சூட்டில் தொடர்ந்து நின்றால் தண்டு எழும்பாத இலைக்கொத்தாக முடங்கிவிடும். நாற்றங்கால் அவர்களுக்கு நடந்தது இதுதான். அந்தச் செடிகளை வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

விதைத்து நடுவதற்கு இரண்டு முதல் மூன்று மாதம் ஆகிறது. அந்தக் காலத்தை மட்டும் குளிர்விக்கும் அறையில், செயற்கை விளக்கின் கீழ் கழித்துவிட்டால் போதும். ஈரப்படுத்திய விதைகளை 10 டிகிரி அளவுக் குளிரில், இருட்டில் சில வாரம் வைத்துப் பிறகு முளைக்க விடுவதும் ஜப்பானில் பழக்கத்தில் இருக்கிறது. அப்படிச் செய்த நாற்றுகள் முடங்குவது குறைகிறது. ஸ்னாப்டிராகனைப் போலவே இதிலும் குழு எண் உண்டு; ரகம் வாங்கும்போது 3, 4 குழுவைப் பாருங்கள். நட்ட இடத்தில் தண்ணீர் தேங்கினால் ஃபியூசேரியம் பூஞ்சண வாடல் வந்து பாத்தியே போய்விடும். ஒரே இடத்தில் அடுத்தடுத்தும் நடாதீர்கள்.

வேலியோரம் எழுதியது:

குளிரறையில் இரண்டு மூன்று மாத நாற்று என்பது எல்லோராலும் இயலாது. நாற்றை ஆயத்தமாக வாங்க முடிந்தால் வாங்கி நடலாம். முடியாதவர்கள் அதே உழைப்பைச் சம்பங்கியில் போட்டால் பலன் உறுதி என்பது என் கருத்து.

செங்காந்தள் எழுதியது:

இரண்டு பேரும் குளிர்ப்பகுதிப் பூவுக்கு மாற்றுத் தேடுகிறீர்கள். இந்தக் காற்றிலேயே பிறந்த பூக்களைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஹெலிகோனியா, தீப்பந்த இஞ்சி, ஆந்தூரியம், குர்குமா. இவற்றுக்கு நம் ஈரம் தண்டனையே இல்லை.

ஹெலிகோனியாவில் ஒரு தண்டு ஒரே முறை பூத்து முடிந்துவிடும்; பக்கக் கன்றுகள் தொடரும். எனவே பூ வெட்டும்போது தண்டை அடியோடு எடுத்துக் கன்றுக்கு வெளிச்சம் கொடுங்கள். அதன் வண்ண மடல்கள் வெட்டிய பிறகு மேலும் விரியாது. எத்தனை மடல் விரிந்த நிலை வேண்டுமோ, அந்த நிலையில்தான் வெட்ட வேண்டும். வாழையைத் தாக்கும் மோக்கோ பாக்டீரியா வாடல் இதையும் தாக்கும், ஆகவே வாழைக்கு அருகில் நடுபவர்கள் கத்தியைக் கழுவாமல் இங்கும் அங்கும் கொண்டுபோகக் கூடாது.

ஆந்தூரியத்துக்கு அடர்ந்த நிழல் வேண்டும். நடுக்கதிரின் பெரும்பகுதி அடியிலிருந்து நிறம் மாறிய பிறகே வெட்டுங்கள். முன்னதாக வெட்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஹவாய்த் தீவுகளில் 1980களில் ஆந்தூரியம் வளர்ப்பைச் சீரழித்தது ஒரு சாந்தோமோனாஸ் பாக்டீரியாதான். ஒவ்வொரு செடிக்கும் கத்தியைக் கிருமிநீக்கி நீரில் நனைத்து வெட்டும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

குர்குமா மஞ்சளின் நெருங்கிய உறவு. தாய்லாந்திலிருந்து உலகெங்கும் போகும் அதன் இளஞ்சிவப்புப் பூவைச் சியாம் டியூலிப் என்பார்கள். பகல் சுருங்கும் பருவத்தில் இலை உதிர்ந்து கிழங்கு உறங்கும். அப்போது செடி செத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுகவைக்காதீர்கள்.

பனித்துளி எழுதியது:

செங்காந்தள் அக்கா, வெட்டும் நேரம் பற்றியும் சொல்லுங்கள். விடியற்காலையில் வெட்டு என்கிறார்கள். ஆனால் அப்போது பூக்கள் பனியில் நனைந்து கிடக்கின்றன. நனைந்த பூவை வாளியில் நெருக்கினால் இதழில் பூஞ்சணம் வருகிறது.

செங்காந்தள் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. காலையில் செடிக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். மாலையில் சர்க்கரை நிறைந்திருக்கும். எது குறைவோ அதை நாம் ஈடுகட்டலாம். தண்ணீரை வாளியில் கொடுக்கலாம் என்பதால், பனி கடுமையாக இறங்கும் பருவத்தில் நான் வெயில் தணிந்த மாலையில் வெட்டி, இரவு முழுவதும் நிழலறையில் ஆழமான தண்ணீரில் நிறுத்திவிடுகிறேன். ஜின்னியா, வாடாமல்லி, கோழிக்கொண்டைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஹெலிகோனியா வகைக்குக் காலைதான். அவை வெட்டிய பிறகு மிகக் குறைவாகவே தண்ணீர் உறிஞ்சும்.

ஜின்னியாவில் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்துத் தண்டை மெல்ல ஆட்டுங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் முற்றவில்லை. விறைத்து நின்றால் வெட்டலாம். சம்பங்கியில் அடியிலிருந்து இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டுங்கள். சூரியகாந்தியை இதழ் எழத் தொடங்கும்போதே.

வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சூடான இடத்தில் வாளித் தண்ணீர் ஒரே நாளில் பாக்டீரியாவால் வழுவழுப்பாகிவிடும்; அது தண்டின் நுண்குழாய்களை அடைத்துவிட்டால் எந்தப் பூவும் நிற்காது. நீரில் மூழ்கும் இலைகளை முழுதும் உருவிவிட்டு, மிகச் சிறிதளவு குளோரின் சேருங்கள். ஜின்னியாவும் கோழிக்கொண்டையும் தண்ணீரை வெகு சீக்கிரம் கெடுப்பவை.

குளிர்பதனப் பெட்டி வைத்திருப்பவர்கள் எல்லாப் பூவையும் ஒன்றாக உள்ளே தள்ளக் கூடாது. ஜின்னியா 5 டிகிரிக்குக் கீழே கெட்டுவிடும். ஹெலிகோனியா, ஆந்தூரியம், தீப்பந்த இஞ்சி ஆகியவற்றுக்கு 12, 13 டிகிரிக்குக் கீழே போனாலே கறுப்பு விழும். குளிர்ந்த பூவை ஈரக்காற்றில் வெளியே எடுத்ததும் இதழில் நீர் பூக்கும். அது காயும்வரை உறை போட்டுக் கட்டாதீர்கள்.

நாற்றங்கால் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டேலியாவை விடுகிறேன். ஜின்னியாவை மூன்று வாரச் சுழற்சிக்கு மாற்றுகிறேன். சூரியகாந்தியும் வாடாமல்லியும் பெரும் பங்கு எடுத்துக்கொள்ளும், நிழல் விழும் ஓரத்தில் ஹெலிகோனியா. கடைசியாக ஒன்று: மிஞ்சும் வாடாமல்லியை உலர்த்தி வைக்க நினைக்கிறேன். மழை மாதங்களில் கட்டித் தொங்கவிட்டால் காயாமல் பூஞ்சணம் பிடிக்கிறது.

மண்வெட்டி எழுதியது:

ஈரக்காற்றில் தானாகக் காயாது. சிறிய கட்டுகளாகக் கட்டுங்கள். பெரிய கட்டின் நடுவில்தான் முதலில் பூஞ்சணம் வரும். இலைகளை எல்லாம் உருவிவிட்டு, மூடிய இருட்டறையில் தொங்கவிட்டு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கருவியும் மின்விசிறியும் ஓடவிடுங்கள். தண்டை மடித்தால் முறிய வேண்டும்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்ததும் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், இல்லையென்றால் மீண்டும் ஈரம் இழுத்துவிடும்.

மீந்த விதைகளுக்கும் இதே பெட்டிதான். விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதை சேமிப்பின் அடிப்படைக் கணக்கு. திறந்த பொட்டலத்தை அலமாரியில் விட்டால் அடுத்த பருவத்தில் பாதி முளைக்காது.

பனித்துளி எழுதியது:

கோழிக்கொண்டையை உலர்த்தும்போது அந்தக் கொண்டை மடிப்புகளுக்குள் புழு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொங்கவிடுங்கள். விதை கொட்டும் என்பதால் கீழே ஒரு துணி விரித்து வைத்தால் அடுத்த விதைப்புக்கு விதையும் கிடைத்துவிடும்.

செங்காந்தள் எழுதியது:

கலப்பின ரகமாக இருந்தால் அந்த விதையில் தாயைப்போல் பூ வராது, தம்பி. சாதாரண ரகத்தில் மட்டும் எடுங்கள்.